வலப்பக்க ஓரம் எங்கே போயிற்று? பட விளிம்புகள் பற்றிய கேள்வி-பதில்

விளிம்பு கண்டறியும் நிரல்கள் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தும் நீண்டவற்றைச் சுருக்கியும் தந்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் பைத்தான் நிரல்மொழியையும், படங்களைக் கையாளும் ஓபன்சிவி நூலகத்தையும்தான் பயன்படுத்துகிறீர்கள். பதில்களும் அதையொட்டியே இருக்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினிக்குப் பொருளும் தெரியாது, பொருளின் ஓரமும் தெரியாது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களின் எண்கள் எவ்வளவு மாறுகின்றன என்று மட்டுமே அது பார்க்கிறது. மேசையின் ஓரமும், மேசை மீது விழுந்த நிழலின் ஓரமும் அதற்கு ஒன்றுதான்.

கேள்வி: கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைச் சதுரம் வரைந்து, கிடைவாக்கில் சோபல் வடிகட்டியை ஓட்டினேன். இடப்பக்க ஓரம் பளிச்சென்று வந்தது. வலப்பக்க ஓரத்தைக் காணவே இல்லை. ஓபன்சிவியில் பிழையா?

ஓபன்சிவி நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. சோபல் செய்வது வெறும் கழித்தல்: வலப்பக்க நெடுவரிசையிலிருந்து இடப்பக்க நெடுவரிசையைக் கழிக்கிறது; நடுப் பிக்சலுக்கு 2, அதன் மேலும் கீழும் இருப்பவற்றுக்கு 1 என்று எடை. 20-இலிருந்து 200-க்கு ஏறும் ஓரத்தில் விடை 4 × 180, அதாவது 720. 200-இலிருந்து 20-க்கு இறங்கும் ஓரத்தில் −720. இந்த எண்களை நீங்கள் 8 பிட் அணியில் வைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் 0 முதல் 255 வரைதான் இடம். 720 வெட்டப்பட்டு 255 ஆகிறது. −720 வெட்டப்பட்டு 0 ஆகிறது. உங்கள் வலப்பக்க ஓரம் போன இடம் அதுதான்.

விடையின் ஆழத்தைக் கேட்கும் இடத்தில் −1 என்று கொடுத்திருப்பீர்கள். ‘உள்ளீடு எந்த வகையோ அதே வகை’ என்பது அதன் பொருள். அங்கே 64 பிட் தசம எண் வகையையோ, குறியுள்ள 16 பிட் முழு எண் வகையையோ கேளுங்கள். குறி நீக்கிய மதிப்பைப் பிறகு எடுங்கள். பைத்தானில் எண் அணிகளுக்கான நூலகமான நம்பையின் அணிகளை நீங்களே கழித்தால் நிலைமை இன்னும் மோசம்: 8 பிட் வகையில் 10-இலிருந்து 20-ஐக் கழித்தால் 246 வரும். ஓபன்சிவி வெட்டுகிறது, நம்பை சுற்றிவிடுகிறது; இரண்டுமே எச்சரிக்கை ஏதும் தராமல் செய்துவிடும். கண்ணுக்குக் காட்டும் படத்தையும் கணக்குக்கு வைத்திருக்கும் அணியையும் ஒரே மாறியில் வைக்காதீர்கள்.

கேள்வி: விளிம்பு கண்டறியும் கேனி முறையின் இரண்டு வரம்புகளுக்கும் எங்கே பார்த்தாலும் 100, 200 என்றே கொடுக்கிறார்கள். என் படங்களில் அது வேலை செய்யவில்லை. சரியான எண்களை எப்படித் தேர்வது?

அதிகம் பேர் கேட்டது இது. 100, 200 என்பவை யாரோ ஒருவருடைய படத்துக்குப் பொருந்திய எண்கள், மற்றவர்கள் நகலெடுத்தார்கள்.

முதலில் இந்த எண்கள் எதை அளக்கின்றன என்று பாருங்கள். பலரும் 0 முதல் 255 வரையிலான வெளிச்ச அளவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். இவை சாய்வின் அளவுகள், அதாவது பக்கத்துப் பிக்சல்களுக்கு இடையே வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவுகள். 3 × 3 சோபலில் ஒரு திசைக்கு மட்டுமே 1020 வரை போகலாம். ஓபன்சிவி தானாக விட்டால் இரு திசைச் சாய்வுகளின் குறியற்ற மதிப்புகளைக் கூட்டிக்கொள்கிறது. இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கும் முறை வேண்டுமென்றால் நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால் சாய்ந்த விளிம்புகளின் அளவு குறையும், பழைய வரம்புகள் பொருந்தாது. சோபல் அளவை 3-இலிருந்து 5 ஆக்கினால் ஒரு கூர்மையான படி விளிம்பின் விடை 12 மடங்காகிறது. வரம்பைத் தொடாமல் அதை மட்டும் மாற்றிவிட்டு, படம் முழுக்க வெள்ளைக் கிறுக்கலாகிவிட்டது என்று எழுதியிருந்தவர்களுக்கும் இதுவே பதில்.

அடுத்தது, இரண்டு வரம்புகள் ஏன்? மேல் வரம்பைத் தாண்டிய பிக்சல் ஐயமின்றி விளிம்பு. இரண்டுக்கும் இடையில் இருப்பது, ஐயமற்ற ஒன்றோடு தொடர்ச்சியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் விளிம்பு. ஒற்றை வரம்பு வைத்தால் மங்கலான இடங்களில் கோடு அறுந்து அறுந்து போகும். அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. மேல் வரம்பு கீழ் வரம்பைப் போல் இரண்டு அல்லது மூன்று மடங்கு இருக்கட்டும் என்று ஜான் கேனியே 1986-இல் வந்த தன் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்.

‘படத்தின் வெளிச்ச அளவுகளின் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) எடு, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் கீழ் வரம்பு, கூட்டினால் மேல் வரம்பு’ என்ற குறுக்குவழி ஒன்று பரவலாக உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வெளிச்சத்தின் இடைநிலையும் சாய்வின் அளவும் வேறு வேறு சரக்கு. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து உள்ள படத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: இடைநிலை 0 என்றால் இரண்டு வரம்புகளும் 0. அதே படத்தை நிறம் திருப்பினால் இடைநிலை 255. வரம்புகள் உச்சிக்குப் போய்விடும். விளிம்புகளோ இரண்டு படங்களிலும் ஒன்றேதான்.

நான் செய்வது இது. சாய்வின் அளவைத் தனியாகக் கணக்கிட்டு, அதன் பரவலை வரைந்து பார்ப்பேன். படத்தில் எத்தனை சதவீதம் பிக்சல்கள் விளிம்பாக இருக்கக்கூடும் என்பது, என்ன படம் என்று தெரிந்தவருக்கு ஓரளவு தெரியும். பத்து சதவீதம் என்று தோன்றினால் 90-ஆம் சதமானத்தை (90 சதவீதப் பிக்சல்களின் சாய்வு எதற்குக் கீழே இருக்கிறதோ அந்த எண்ணை) மேல் வரம்பாக வைத்து, கீழ் வரம்பை அதில் பாதியாக்கித் தொடங்குவேன். ஒரு படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் எடுத்தது, நிழலில் எடுத்தது, இரவில் எடுத்தது என்று சிலவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். எந்த எண்ணாலும் எல்லாம் சரியாகவில்லை என்றால், கோளாறு வரம்பில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. விளக்கை மாற்ற முடிந்தால் விளக்கை மாற்றுங்கள், நிரல் எழுதுவதைவிட அது மலிவு.

கேள்வி: கேனி முறையின் முதல் படியே காஸியன் மங்கலாக்கல்தான் (அண்டைப் பிக்சல்களோடு எடைபோட்டுச் சராசரி எடுப்பது) என்று பாடத்தில் படித்தோம். பிறகு ஏன் எல்லோரும் அதற்கு முன் தனியாக ஒருமுறை மங்கலாக்குகிறார்கள்?

முறையில் அது உண்டு. ஓபன்சிவியின் கேனி செயற்கூறில் அது இல்லை. நீங்கள்தான் செய்ய வேண்டும். ஸ்கைகிட்-இமேஜ் என்ற இன்னொரு நூலகத்தில் அது உள்ளேயே இருக்கிறது, சிக்மா (மங்கலாக்கும் அளவு) 1 என்று. இரண்டு நூலகங்களும் ஒரே படத்துக்கு வேறு வேறு விடை தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மங்கலாக்காமல் விட்டால், கழித்தல் என்ற செயல் இரைச்சலைத்தான் முதலில் பெரிதாக்கும். அதிகம் மங்கலாக்கினால் மூலைகள் உருண்டுபோகும், நெருங்கிய இரு கோடுகள் ஒட்டிக்கொள்ளும். உப்பும் மிளகும் தூவியதுபோல் தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் காஸியனை விட்டுவிட்டு, அண்டைப் பிக்சல்களின் நடு மதிப்பை எடுக்கும் மீடியன் வடிகட்டியை எடுங்கள்.

கேள்வி: ஓலைச்சுவடிகளின் படங்களில் எழுத்துகளைப் பிரித்தெடுக்க முயல்கிறேன். கேனி கொடுத்தால் ஒவ்வொரு எழுத்தும் இரட்டைக் கோடாக வருகிறது. ஓலை முழுவதும் கிடைக்கோடுகள் வேறு. எந்த வரம்பு வைத்தாலும் போகவில்லை.

இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வரம்பை விட்டுவிடுங்கள், கருவியே மாற வேண்டும்.

எழுத்தாணிக் கீறலில் மை ஏறிய கோட்டுக்கு அகலம் உண்டு. ஒரு பக்கம் வெளிறிய ஓலையிலிருந்து கருமைக்கு இறங்குகிறது, மறுபக்கம் கருமையிலிருந்து ஏறுகிறது. ஆக இரண்டு விளிம்புகள். கேனி சரியாகவே சொல்கிறது. உங்களுக்கு வேண்டியது கோட்டின் ஓரங்கள் அல்ல, கோடு. அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, இடத்துக்கு இடம் மாறும் வரம்பை வைத்துக் கறுப்பு-வெள்ளையாக்கி, பிறகு ஒற்றைப் பிக்சல் கோடாக மெலியச் செய்வது. 2000-ஆம் ஆண்டில் வெளியான சௌவோலா முறை பழைய ஆவணங்களுக்கு நன்றாகப் பொருந்தும், ஸ்கைகிட்-இமேஜில் இருக்கிறது. வரம்பைக் கணக்கிடப் பார்க்கும் சுற்றுப்பகுதியான சாளரம், கோட்டின் அகலத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். இரண்டாவது, மேடுகளை, அதாவது கோடு போல நீளும் இடங்களை, தேடும் வடிகட்டிகள். 1998-இல் ஃபிராங்கியும் அவருடைய குழுவினரும் மருத்துவப் படங்களில் இரத்தக் குழாய்களைக் காட்ட ஒன்றை உருவாக்கினார்கள். குழாய்க்கும் கீறலுக்கும் கணக்கில் வேறுபாடு இல்லை.

இனி அந்தக் கிடைக்கோடுகள். அவை ஓலையின் நரம்புகள், நீளவாக்கில்தான் ஓடும். அதனால் கிடைவாக்குச் சாய்வு அவற்றை ஏறக்குறையக் கண்டுகொள்ளாது. நெடுவாக்குச் சாய்வுதான் அவற்றைப் பிடித்துக்கொண்டு வரும். அதற்காக நெடுவாக்குச் சாய்வைத் தூக்கி எறிந்தால் எழுத்துகளின் கிடைக்கீற்றுகளும் போய்விடும். இப்படிச் செய்து பாருங்கள்: படத்தை நிறம் திருப்பி மையை வெளிச்சமாக்குங்கள். இரண்டு மூன்று எழுத்துகளின் அகலமுள்ள ஒரு கிடைக்கோட்டைப் பொருத்திப் பார்க்கும் உறுப்பாக வைத்து, வடிவங்களைக் கையாளும் உருவவியலில் ‘ஓப்பனிங்’ எனப்படும் செயலைச் செய்யுங்கள். அந்த நீளத்துக்குக் குறைந்த எல்லாம் மறைந்து நரம்புகள் மட்டும் எஞ்சும். அதை மூலத்திலிருந்து கழித்தால் நரம்பு போய் எழுத்து நிற்கும். தேவநாகரியில் இது நடக்காது, தலைக்கோடும் சேர்ந்து போய்விடும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஓலை வளைந்திருந்தால் முதலில் அதை நேராக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நரம்புகள் அந்த உறுப்பிலிருந்து தப்பிவிடும்.

இன்னொன்று: பெரும்பாலான சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் இல்லை. ஆகவே கடைசியில் மிஞ்சும் சின்னச் சின்னப் புள்ளிகளைப் பரப்பளவு பார்த்து நீக்கத் தயங்க வேண்டாம். அநேகமாக அவை பூச்சி அரித்த துளைகளும் கறைகளும்தான். அச்சிட்ட தமிழ்ப் பக்கங்களில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.

கேள்வி: சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் அடுத்தடுத்து இருக்கின்றன. கண்ணுக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியும் எல்லையைக் கேனி தவறவிடுகிறது.

சாம்பல் நிறமாக்கும்போதே எல்லை அழிந்துவிட்டது. சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்ற எடைகளில் கூட்டுகிறோம். முழுச் சிவப்பு 255 என்றால் சாம்பலில் 76. பச்சை 130 என்றால் அதுவும் 76. இரண்டு பட்டைகளும் ஒரே சாம்பல். அதில் விளிம்பைத் தேட என்ன இருக்கிறது? மூன்று நிறத்தளங்களிலும் தனித்தனியாகச் சாய்வு கண்டு, ஒவ்வொரு பிக்சலிலும் பெரியதை எடுங்கள். ஓபன்சிவி படத்தை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் திறக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ரசீதைப் படமெடுத்து நான்கு மூலைகளையும் காண முயல்கிறேன். விளிம்பு நன்றாகத் தெரிகிறது. ஆனால் வெளிக்கோடுகளின் பரப்பளவைக் கேட்டால் மிகச் சிறிய எண்கள் வருகின்றன.

உங்கள் வெளிக்கோடு எங்கேயோ ஒரு பிக்சல் அளவுக்கு அறுந்திருக்கிறது. மூடாத கோட்டுக்குள் பரப்பளவு இல்லை. நிரல் அந்தக் கோட்டின் மெல்லிய உடம்பைச் சுற்றி வந்து அதைத்தான் அளக்கிறது. மூன்று செயல்களை இந்த வரிசையில் செய்யுங்கள். கைபேசிப் படம் 4000 × 3000 இருக்கும். அதை நீளப்பக்கம் ஆயிரம் பிக்சல் வருமளவுக்குச் சுருக்குங்கள், ரசீதின் எழுத்துகளால் வரும் தொந்தரவு பாதி குறையும். கேனிக்குப் பிறகு ‘க்ளோசிங்’ என்ற உருவவியல் செயலைக் கொடுத்து இடைவெளிகளை அடைத்துவிடுங்கள். பிறகு பெரிய வெளிக்கோட்டை நாற்கோணமாகத் தோராயப்படுத்துங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் ஹஃப் முறையில் நான்கு நேர்கோடுகளைக் கண்டு, அவை வெட்டும் புள்ளிகளை மூலைகளாகக் கொள்ளலாம். விரல் ஒரு மூலையை மறைத்திருந்தாலும் அது தாக்குப்பிடிக்கும். வெள்ளை ரசீதை வெள்ளை மேசையில் வைத்து எடுத்த படத்துக்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை.

கேள்வி: ஆழ்கற்றல் வந்த பிறகும் சோபல், கேனி எல்லாம் படிக்க வேண்டுமா?

என்ன வேலை என்பதைப் பொறுத்தது. மனிதர் ஒருவர் ‘இதுதான் யானையின் ஓரம்’ என்று வரைவதுபோன்ற கோடு வேண்டுமென்றால் கேனி போதாது. யானைத் தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் அது வரைந்து வைக்கும். 2015-இல் வந்த ஹெச்இடி போன்ற ஆழ்கற்றல் வலைப்பின்னல்கள் அந்த வேலைக்கானவை. பெர்க்லியில் உருவான, மனிதர்கள் எல்லை வரைந்து தந்த படத்தொகுப்பைக் கொண்டுதான் இவற்றைச் சோதிப்பார்கள். அதில் ஒரே படத்துக்குப் பலர் வரைந்த கோடுகள் ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போவதில்லை. மனிதருக்கே ஒரே விடை இல்லாத கேள்வி இது.

மாறாக, பட்டறையில் ஒரே விளக்கின் கீழ் வரும் உலோக வளையத்தின் விட்டத்தை அளக்க வேண்டுமென்றால் ஆழ்கற்றலை நான் தொடமாட்டேன். அங்கே சாய்வின் உச்சத்துக்கு ஒரு பரவளையத்தைப் பொருத்தினால் ஒரு பிக்சலுக்கும் குறைவான நுணுக்கத்தில் விளிம்பின் இடம் கிடைக்கும். அளவு தவறினால் எந்த எண் தவறு என்றும் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

கேள்வி: சோபல் என்பது ஆளின் பெயரா?

ஆம், இர்வின் சோபல். 1968-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் கேரி ஃபெல்ட்மனோடு சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன்னரே, 1963-இல், லாரன்ஸ் ராபர்ட்ஸ் 2 × 2 வடிகட்டி ஒன்றைத் தந்திருந்தார். பின்னாளில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டை வடிவமைத்த அதே ராபர்ட்ஸ்தான்.

கேள்வி: சோபலை இரண்டு ‘ஃபார்’ சுழல்களால் நானே எழுதினேன். ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் ஆகிறது.

கற்றுக்கொள்வதற்கு ஒருமுறை அப்படி எழுதியது நல்லதுதான். ஆனால் 1.2 கோடிப் பிக்சல்களைப் பைத்தான் சுழலில் ஒவ்வொன்றாகத் தொட்டால் அப்படித்தான் ஆகும். முழு அணியை ஒரு பிக்சல் நகர்த்தி முழு அணியாகவே கழியுங்கள். தவிர, சோபல் 3 × 3 அணி உண்மையில் (1, 2, 1) என்ற நெடுவரிசையும் (−1, 0, 1) என்ற கிடைவரிசையும் பெருகிய விடை. இரண்டையும் தனித்தனியாக ஓட்டினால் வேலை இன்னும் குறையும்.

கேள்வி: வரம்பைக் குறைத்தால் வானம் போன்ற வெறும் இடங்களில் வரைபடத்தாள் போலக் கட்டங்கள் தெரிகின்றன.

ஜேபெக் சுருக்கத்தின் தடம் அது. ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டித் தனித்தனியாகச் சுருக்குகிறது. சுருக்கம் கடுமையானால் கட்டங்களின் எல்லை விளிம்பாகத் தெரியும். கோடுகளுக்கு இடையே 8 பிக்சல் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். படம் அளவு மாற்றப்பட்டிருந்தால் எண்ணிக்கையும் மாறும். அந்தக் கோப்பைத் திறந்து பிஎன்ஜியாகச் சேமிப்பதால் பயனில்லை, கட்டங்களும் சேர்ந்தே வரும். கேமராவிலிருந்தே குறைந்த சுருக்கத்தில் எடுங்கள்.