விமானத்தில் குழந்தை தூங்க சிரப் கொடுக்கலாமா?

கேள்வி: எங்களுக்கு 4 வயதில் மகளும் 10 மாதத்தில் மகனும் இருக்கிறார்கள். மே மாத விடுமுறைக்கு டொராண்டோவில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம். சென்னையிலிருந்து துபாய் 4 மணி நேரம், அங்கிருந்து டொராண்டோ 14 மணி நேரம். போய் இறங்கும்போது அங்கே மாலை 4 மணி. மகளுக்குக் கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. மகனுக்கு அடிக்கடி சளி. போன தடவை டெல்லி போனபோது, விமானம் இறங்குகிற நேரத்தில் காதைப் பிடித்துக்கொண்டு வீறிட்டு அழுதான். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் எனக்கே அழுகை வந்துவிட்டது. சளி சிரப் கொடுத்தால் நன்றாகத் தூங்கிவிடுவான் என்கிறாள் தோழி. ஜாதிக்காய் உரைத்துக் கொடுக்கலாம் என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும் டாக்டர்?
- வாசகி, வேலூர்

பதில்: சிரப் வேண்டாம் அம்மா. ஜாதிக்காயும் வேண்டாம். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பயணத்துக்கு முந்தைய நாள் இரவு, எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்லும்போது, காரணம் தெரிந்தால்தான் நீங்கள் உறுதியாக நிற்க முடியும்.

சளி சிரப்பில் தூக்கம் வரவைப்பது குளோர்பெனிரமின் போன்ற அலர்ஜி மருந்து. அதோடு மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரினும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்த கலவையை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட்டது. 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகளே எழுதக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. இன்னும் பலமாகத் தூங்கவைக்கும் புரோமெத்தசின், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சையே மந்தமாக்கிவிடலாம். அதற்கு அமெரிக்காவில் மிகக் கடுமையான எச்சரிக்கை 2004-லிருந்தே இருக்கிறது.

வீட்டிலேயே கூடாது என்றால் விமானத்தில் அறவே கூடாது. பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் நிற்பதற்குச் சமம். ஊட்டியில் 14 மணி நேரம் உட்கார்ந்திருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு கொஞ்சம் குறையும், உடம்பு சமாளித்துக்கொள்ளும். ஆனால் மூக்கு அடைத்திருக்கிற, மருந்து மயக்கத்தில் மேலோட்டமாக மூச்சு விடுகிற 10 மாதக் குழந்தையை அந்த உயரத்தில், இருட்டில், போர்வைக்குள் வைத்திருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சில குழந்தைகளுக்கு இந்த மருந்து தூக்கத்தைக் கொடுப்பதற்குப் பதில் தலைகீழாக வேலை செய்யும். பரபரப்பாகி, கத்தி, உருண்டு புரண்டு, இறங்கும் வரை ஓயாமல் அழும். யாருக்கு எப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

ஜாதிக்காயைப் பற்றி மாமியாரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள். உரைமருந்து கொடுத்து வளர்த்த தலைமுறை அது, அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் கல்லில் இரண்டு உரை உரைப்பதற்கும் நாலு உரை உரைப்பதற்கும் எத்தனை மில்லிகிராம் வித்தியாசம் என்று யாருக்கும் தெரியாது. ஜாதிக்காயில் இருக்கும் மிரிஸ்டிசின் என்ற பொருள் அளவு கூடினால் மூளையைப் பாதிக்கும், நெஞ்சு படபடக்கும். ஏதாவது ஆனால் பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓட முடியாத இடம் விமானம்.

சரி, அவன் ஏன் அழுதான்? நீங்கள் எழுதிய ஒரு வரியிலேயே விடை இருக்கிறது: இறங்குகிற நேரம், காதைப் பிடித்துக்கொண்டு. நடுக்காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. விமானம் இறங்கும்போது வெளி அழுத்தம் கூடிக்கொண்டே வரும். அந்தக் குழாய் திறந்து காற்று உள்ளே போனால்தான் இரண்டு பக்கமும் சமமாகும். திறக்கவில்லை என்றால் செவிப்பறை உள்ளே இழுக்கப்படும். அந்த வலி சுளீரென்று இருக்கும். குழந்தைகளுக்கு இந்தக் குழாய் குட்டையாக, குறுகலாக, கிட்டத்தட்ட படுக்கைவசத்தில் இருக்கும். சளி பிடித்தால் இன்னும் அடைத்துக்கொள்ளும். நமக்குக் கொட்டாவி விட்டால் 'டப்'பென்று திறந்துவிடுகிறது. 10 மாதக் குழந்தைக்கு அதைச் செய்யத் தெரியாது. அது விழுங்க வேண்டும், அல்லது அழ வேண்டும். ஆமாம், அழும்போதும் அந்தக் குழாய் திறக்கும். டெல்லியில் அவன் அழுதது அவனுக்குத் தெரிந்த வைத்தியம்தான்.

உங்கள் பயண நேரத்தைப் பார்த்தேன். டொராண்டோவில் மாலை 4 மணி என்றால் நம் ஊரில் நள்ளிரவு தாண்டி 1.30. அதாவது விமானம் கீழே இறங்க ஆரம்பிக்கும்போது இரண்டு குழந்தைகளும் ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பார்கள். தூங்கும்போது நாம் விழுங்குவது மிகவும் குறைவு. 'அப்பாடா, இப்பவாவது தூங்குறானே' என்று விட்டுவிடத்தான் தோன்றும். விடாதீர்கள். தரையைத் தொடுவதற்குச் சுமார் அரைமணி நேரத்துக்கு முன்பே இறக்கம் தொடங்கிவிடும். இருக்கைக்கு முன்னாலிருக்கும் திரையில் உயரம் குறைய ஆரம்பிப்பது தெரியும், இல்லையென்றால் பணிப்பெண்ணிடம் முன்பே சொல்லி வையுங்கள். அப்போது மகனை மெல்ல எழுப்பி, தலை உயர்ந்திருக்கும்படி பிடித்துக்கொண்டு தாய்ப்பால் கொடுங்கள். புட்டிப்பால் என்றால் ஒரேயடியாகக் குடித்து முடிக்க விடாமல், கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி, சக்கரம் தரையைத் தொடும் வரை வாயில் ஏதாவது போய்க்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இதற்காகவே அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள், பசி இருந்தால்தான் குடிப்பான். மகளுக்கு ஸ்ட்ரா போட்ட டம்ளரில் தண்ணீர் அல்லது ஜூஸ் போதும். 4 வயதுக்குக் கடினமான மிட்டாய் வேண்டாம், புரையேறிவிடும். ஏறும்போது இவ்வளவு தொந்தரவு இருக்காது, ஆனாலும் குடிக்கக் கொடுப்பது நல்லது.

காதில் பஞ்சு வைத்து மஃப்ளர் கட்டுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. அது குளிர்காற்றுக்குச் சரி. அழுத்தம் செவிப்பறைக்கு உள்பக்கம் சமமாக வேண்டிய விஷயம், வெளியே பஞ்சு வைத்துப் பயனில்லை. காதில் எண்ணெய் விடுவதும் வேண்டாம்.

புறப்படுகிற வாரத்தில் அவனுக்குச் சளி பிடித்தால் பதற வேண்டாம். உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து, 'சலைன் டிராப்ஸ்' என்று கேட்டால் மருந்துக் கடையில் கொடுப்பார்கள். ஒவ்வொரு நாசியிலும் 2 சொட்டு, பால் கொடுப்பதற்கு 10 நிமிடம் முன்பு விடுங்கள், இறங்குவதற்கு முன்பும் ஒருமுறை. சாதாரண மூக்கொழுகலோடு பறக்கலாம். ஆனால் காய்ச்சலோடு காதைப் பிடித்து இழுத்தாலோ, காதிலிருந்து சீழ் வந்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் விமானம் ஏறாதீர்கள். டிக்கெட் பணம் போகிறதே என்று மனது அடித்துக்கொள்ளும்தான். தேதி மாற்ற வசதியுள்ள டிக்கெட்டாக எடுத்திருந்தால் அந்த முடிவு கொஞ்சம் சுலபமாகும்.

மகளின் வாந்தி விஷயம் உங்களை இவ்வளவு கவலைப்படுத்த வேண்டியதில்லை. கொடைக்கானல் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கிற பல குழந்தைகள் பெரிய விமானத்தில் ஒன்றும் இல்லாமல் வருவார்கள். இறக்கை பக்கத்து வரிசையில் ஆட்டம் குறைவு, இருக்கை தேர்வு செய்யும்போது அதைப் பாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் டேப்லெட்டைக் குனிந்து பார்க்கவிடாதீர்கள். காலி வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. இரண்டு இட்லி, கொஞ்சம் பிஸ்கட், அவ்வளவுதான். பஸ் பயணத்துக்கு வீட்டில் வைத்திருக்கும் அவோமினை நீங்களாகப் பாதியாக உடைத்துக் கொடுக்க வேண்டாம். அதில் இருப்பதும் புரோமெத்தசின்தான். மருந்து தேவை என்று உங்கள் மருத்துவர் நினைத்தால், வயதுக்கும் எடைக்கும் ஏற்றதை எழுதித் தருவார், அதை வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பயணத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கைப்பையில் அவளுக்கு இரண்டு செட் உடை வையுங்கள். உங்களுக்கும் ஒன்று. வாந்தி பெரும்பாலும் அம்மா மடியில்தான்.

இப்போது மருந்துப் பை. இதில் ஒரு விஷயத்தை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். பாராசிட்டமால் குழந்தைகளுக்கு மூன்று விதமான அடர்த்தியில் கிடைக்கிறது. டிராப்ஸ் என்றால் 1 மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் ஒன்று 5 மில்லியில் 125 (சிலவற்றில் 120), இன்னொன்று 5 மில்லியில் 250. உங்கள் மகன் 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் 120 மில்லிகிராம். டிராப்ஸில் அது 1.2 மில்லி. 125 சிரப்பில் ஏறக்குறைய 4.8 மில்லி. 250 சிரப்பில் 2.4 மில்லி. அரை இருட்டில், தூக்கக் கலக்கத்தில், சிரப் அளவு நினைவில் டிராப்ஸை 5 மில்லி ஊற்றிவிட்டால் நாலு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். அதனால் இரண்டு குழந்தைகளுக்கும் எடை பார்த்து, மருத்துவரிடம் அளவைக் கேட்டு, பாட்டில் மேலேயே பேரும் மில்லியும் எழுதி ஒட்டுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள், ஸ்பூன் வேண்டாம். காய்ச்சல் இருந்தால் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் போகக் கூடாது. நேரம் மாறிக்கொண்டே வருவதால் கணக்கு தப்பும். உங்கள் கைக்கடிகாரத்தை மட்டும் சென்னை நேரத்திலேயே விட்டு, கொடுத்த நேரத்தை அதன்படி எழுதி வையுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். 200 மில்லிக்கான சிறிய பாக்கெட்தான் பயணத்துக்கு வசதி. பெரிய பாக்கெட் முழு லிட்டருக்கானது, அதைக் கண்ணளவில் பாதி பிரித்துக் கலக்கக் கூடாது. டயப்பர் பயண நேரத்துக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே இருக்கட்டும். இவையெல்லாம் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போட்டால் வழியில் எடுக்க முடியாது. திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதியில் குழந்தை உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு, மருந்துச் சீட்டு கையில் இருந்தால் பேச்சு குறையும்.

உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. மகனுக்கு அடிக்கடி தாய்ப்பால், மகளுக்கு மணிக்கொரு தடவை சில மடக்கு தண்ணீர். பவுடர் பால் கலக்க, கொதிக்கவைத்த தண்ணீரை ஃபிளாஸ்க்கில் கொண்டுபோங்கள் அல்லது பாட்டில் தண்ணீரைச் சுடவைத்துத் தரச் சொல்லுங்கள். கலந்த பிறகு மணிக்கட்டில் விட்டுச் சூடு பாருங்கள்.

பேசினெட், அதாவது முன்னால் குழந்தைக்குச் சின்னத் தொட்டில் மாட்டித் தரும் இருக்கையை இப்போதே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள், எண்ணிக்கை குறைவு. எடை வரம்பு விமானத்துக்கு விமானம் மாறும், அதையும் கேளுங்கள். விமானம் குலுங்கி பெல்ட் விளக்கு எரிந்தால், தூங்கினாலும் சரி, அவனை எடுத்து, அவனுக்குத் தரும் சின்ன பெல்ட்டைப் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பெல்ட்டுக்குள் அவனையும் சேர்த்துக் கட்டாதீர்கள். அங்கே நாத்தனார் காரில் இரண்டு குழந்தைகளுக்கும் அவரவர் எடைக்கேற்ற கார் சீட் வேண்டும், சட்டமே அப்படி. இப்போதே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

துபாயில் காத்திருக்கும் நேரத்தில் மகளை ஓடவிடுங்கள். பத்திரமாகப் பிடித்து உட்காரவைக்க வேண்டியதில்லை, 14 மணி நேரம் உட்காரத்தான் போகிறாள்.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். 1998-லேயே தட்டம்மையை ஒழித்த நாடு கனடா. 2024 அக்டோபரில் தொடங்கிய பரவல் ஓராண்டுக்கு மேல் நீடித்ததால் 2025 நவம்பரில் அந்தத் தகுதியை இழந்தது. மகனுக்கு 9 மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை ஊசி போட்டாகிவிட்டதா? சளி, காய்ச்சல் என்று பல வீடுகளில் தள்ளிப்போவது இந்த ஊசிதான். போட்ட பிறகு எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும், அதனால் பெட்டி கட்டும் நாள் வரை காத்திருக்காதீர்கள். அடுத்த தவணையை முன்கூட்டியே போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மகளுக்கு இதற்குள் இரண்டு தவணை முடிந்திருக்க வேண்டும்.

அழுகையைப் பற்றி நீங்கள் எழுதியது மனதில் நிற்கிறது. யாராவது முகம் சுளித்தால் அது அவர்கள் பாடு. குழந்தையை அமைதிப்படுத்துவதற்கும் மற்றவர்களுக்காக அதை மயக்குவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நீங்களும் உங்கள் கணவரும் 2 மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் கண்ணயர்ந்தால்தான் இன்னொருவரால் பொறுமையாக இருக்க முடியும்.

போய்ச் சேர்ந்த முதல் இரவு 2 மணிக்கு இரண்டும் எழுந்து உட்காரும். அவர்கள் வயிற்றுக்கு அப்போது நம் ஊர் பகல் 11.30, பசிக்கும். விளக்கை மங்கலாக வைத்து, லேசாகச் சாப்பிடக் கொடுத்து, டி.வி., மொபைல் இல்லாமல் திரும்பப் படுக்க வையுங்கள். பகலில் வெயிலில் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், மாலைத் தூக்கத்தை முக்கால் மணி நேரத்தில் எழுப்பிவிடுங்கள். தூக்க நேரம் சரியாவதற்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும். தூக்கத்துக்கான மெலடோனின் மாத்திரை அங்கே கடையில் சாதாரணமாகக் கிடைக்கும், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வருகையாளர்களுக்கு அங்கே அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, அதனால் குழந்தைகளையும் சேர்த்துப் பயணக் காப்பீடு எடுங்கள். போன பிறகு காய்ச்சலோடு உடம்பில் சிவப்பாகத் தடிப்பு வந்தால் அது தட்டம்மையாக இருக்கலாம், கிளினிக்குக்குள் போய் உட்காரும் முன் போன் செய்து அறிகுறியைச் சொல்லுங்கள், தனி வழியில் வரச் சொல்வார்கள். மூச்சுத் திணறல் என்றால் காத்திருக்காமல் அங்கே அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள்.