நோய் வந்தால் பிரிந்த குடும்பம் சேர்ந்துவிடும் என்று படங்களில் காட்டுவது நிஜத்தில் நடக்குமா?

கேள்வியைப் படித்ததும், உங்கள் வீட்டில் யாரோ படுத்திருக்கிறார், பேச்சுவார்த்தை அற்றுப்போன இன்னொருவர் வருவாரா என்று நீங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றே எனக்குத் தோன்றியது. தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடக்கும், ஆனால் படத்தில் நடக்கிற மாதிரி நடக்காது.

எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில். அப்பா மூட்டை தூக்கியவர். அடுத்த சந்தில் குடியிருந்த சித்தப்பா ஆட்டோ ஓட்டினார். 2003இல் அப்பாவை ஜாமீன் வைத்துச் சீட்டு எடுத்த சித்தப்பா, நாலு தவணைக்குப் பிறகு கட்டாமல் விட்டுவிட, மீதி முழுவதையும் அப்பா கட்டித் தீர்த்தார். அதோடு பேச்சு நின்றது. தண்ணீர் லாரி வரும் நாட்களில் அண்ணனும் தம்பியும் ஒரே வரிசையில் குடத்தோடு நிற்பார்கள், ஆனால் முகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆறு வருடம் இப்படியே போயிற்று.

2009இல் அப்பாவுக்குக் காசநோய் என்று தெரிந்தது. அதற்கு முன்பு இரண்டு மாதம் ஒரு மருத்துவர் வெறும் இருமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது தனி வயிற்றெரிச்சல். நோய் தெரிந்த அன்றே அப்பா தன் தட்டையும் டம்ளரையும் பிரித்து வைத்துக்கொண்டு, 'நான் எங்கியாவது போய்டறேன்' என்று சொல்ல ஆரம்பித்தார். அது அவர் படத்தில் கற்றது என்றே நினைக்கிறேன். 1961இல் வந்த 'பாலும் பழமும்' அவருக்கு மனப்பாடம். அதில் காசநோய் வந்த மனைவி, கணவனின் ஆராய்ச்சி கெட்டுவிடக் கூடாதென்று சொல்லாமல் வீட்டைவிட்டுப் போகிறாள். சிவாஜி ரசிகர்கள் கோபிக்க வேண்டாம், அந்தப் படத்தைப் பார்த்து அழாதவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஆனால், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுகிற காசநோயாளியும் மருத்துவமனையில் தங்குகிறவரைப் போலவே குணமாகிறார் என்று இதே சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு 1959லேயே காட்டிவிட்டது. அந்த ஆய்வில் வீட்டோடு இருந்தவர்கள் இந்நகரத்தின் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள்தான். எவரும் வீட்டைவிட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. இதை அப்பாவுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பத்து நாள் பிடித்தது.

அப்போதைய முறைப்படி வாரத்தில் மூன்று நாள் சுகாதார மையத்துக்குப் போய், அவர் பெயர் எழுதி வைத்திருந்த பெட்டியிலிருந்து ஏழு மாத்திரைகளை எடுத்து, பணியாளர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். எனக்கோ மணலியில் ஷிப்ட் வேலை. அம்மா யாரிடமும் கேட்காமல் ஆட்டோ நிறுத்தத்துக்குப் போய்ச் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. அப்பா ஏறினார். மூன்று வாரம், ஒன்பது நடை, போகும்போதும் வரும்போதும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது அப்பா பின் இருக்கையில் இருபது ரூபாயை வைத்துவிட்டு வருவார், மாலையில் அது அம்மா கைக்குத் திரும்பி வந்துவிடும்.

நாலாவது வாரம், மையத்துக் கழிவறையிலிருந்து வெளியே வந்த அப்பாவின் முகம் வெளிறியிருந்தது. அன்று நானும் கூட இருந்தேன். 'ஒண்ணுக்கு ரத்தமா போவுது' என்று என்னிடம்தான் சொன்னார். ஆட்டோவில் சாய்ந்திருந்த சித்தப்பா திரும்பாமலே, 'அது மாத்திர கலருணா. எனக்கும் இப்டித்தான் போச்சி' என்றார். அவருக்கும் அந்த நோய் வந்து போயிருந்தது, இடைப்பட்ட வருடங்களில், எங்களுக்குத் தெரியாமல். அடுத்த சந்தில் இருந்த மனிதர் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்ததுகூடத் தெரியாத அளவுக்கு நாங்கள் ரோஷமாக இருந்திருக்கிறோம். அப்பா கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, 'சொல்லக் கூடாதா?' என்று மட்டும் கேட்டார். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. அன்று இருபது ரூபாய் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

'பாசமல'ரில் பிரிந்த அண்ணனும் தங்கையும் கடைசியில் சேர்ந்த கையோடு இறந்துவிடுகிறார்கள். அதனால் மறுநாள் காலையில் யார் கஞ்சி வைப்பது, யார் மருந்துக்குக் கூட்டிப்போவது என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. எங்களுக்கு அந்தக் கேள்வி ஆறு மாதம் இருந்தது, அதுதான் எங்களைச் சேர்த்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு அரிவாள்தான் கண்ணில் படுகிறது. மாத்திரைப் பெட்டியோடு காத்திருக்கும் ஆட்டோ ஒன்றுகூடப் படுவதில்லை.

சீட்டுப் பணம் இன்றுவரை வரவில்லை. அந்தப் பணம் வைத்தியத்துக்குத்தான் போயிற்று என்று நான் கதை கட்ட மாட்டேன், சித்தப்பாவும் அப்படிச் சொன்னதில்லை. அப்பா மாதம் ஒருமுறையாவது அதைக் கேட்டுத் திட்டுவார். திட்டி முடித்துவிட்டு, காசிமேட்டுக்கு மீன் வாங்க அதே ஆட்டோவில் ஏறி உட்காருவார்.