ஹெம்லாக் மரங்களைக் காக்கும் தன்னார்வலர்கள் ஏன் குளிர்காலத்தில் காட்டுக்குள் செல்கிறார்கள்?

அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் ஹெம்லாக் மரங்களை (சாக்ரடீஸ் அருந்திய நஞ்சுச் செடிக்கும் இந்த ஊசியிலை மரத்துக்கும் பெயர் மட்டுமே ஒன்று) அழித்துவருவது, ஜப்பானிலிருந்து வந்துசேர்ந்த, அசுவினிக்கு உறவான ஒரு சாறுறிஞ்சிப் பூச்சி. அங்கே அது முதலில் 1951இல், வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகருக்கு அருகே கண்டறியப்பட்டது.

கோடையில் உறங்கிக் கிடக்கும் இப்பூச்சி, குளிர் தொடங்கியதும் சாற்றை உறிஞ்சியபடி தன்மேல் வெள்ளை மெழுகிழைகளைச் சுரந்துகொள்வதால், ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத அதன் உடலைத் தேடாமல், கிளையின் அடிப்புறத்தில் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும். எனவே தன்னார்வலர்கள் தாழ்ந்த கிளைகளைத் திருப்பி, ஊசியிலை குச்சியோடு சேரும் இடத்தை ஆராய்கிறார்கள். எட்டாத உச்சியின் நிலையைக் காற்றில் முறிந்து விழுந்த சுள்ளிகள் சொல்லிவிடும். வசந்தத்தில் ஊர்ந்து திரியும் குஞ்சுகள் உடையில் ஒட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் பரவும் ஆபத்தும் நடுக்குளிரில் இல்லை.

ஆண் இணையின்றியே பெண்பூச்சி முட்டையிடுவதால், தப்பிய ஒன்றே புதிய கூட்டத்தை உருவாக்கிவிடும். பாதிப்பு உறுதியானால், அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதற்கேற்ற அளவில் இமிடாகுளோபிரிட் மருந்தை வேரடி மண்ணில் இடுவார்கள். பாதுகாப்பு சில ஆண்டுகள் நீடிக்கும். என் பார்வையில் இது காலம் வாங்கும் வேலைதான். நீண்டகால நம்பிக்கை, இப்பூச்சியைத் தின்னும் லாரிகோபியஸ் வண்டுகளைக் காட்டில் விடும் முயற்சியின் மீதே இருக்கிறது.