இயான் ஹோமின் ஒரே முகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற வாரம் 'ஏலியன்' பார்த்தேன். நேற்று மகளுக்காக 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தை மறுபடியும் போட்டேன். விண்கலத்தில் வரும் ஆஷும் கிழவர் பில்போவும் ஒரே நடிகர் என்பது, கடைசியில் பெயர்கள் ஓடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. இயான் ஹோம் கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை தெரிந்தவர் போலிருக்கிறது. இவ்வளவு திறமையுள்ளவர் ஏன் கடைசிவரை குணச்சித்திர நடிகராகவே இருந்துவிட்டார்?

ர.

அன்புள்ள ர.,

கூடுவிட்டுக் கூடு பாய்வது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. ஹோம் தன் கூட்டைவிட்டு ஒருநாளும் வெளியே போனவர் அல்ல. பில்போவுக்கு ஒட்டிய காதுகளையும் பாதங்களையும் கழித்துவிட்டுப் பாருங்கள். அதே குள்ள உருவம், அதே வட்ட முகம், எதையும் தவறவிடாத அதே கண்கள். எதை மறைக்கிறார், எவ்வளவு மறைக்கிறார் என்பதுதான் படத்துக்குப் படம் மாறுகிறது.

ஆஷ் மனிதன் அல்ல என்பது படத்தின் பிற்பாதியில்தான் தெரியவரும். தெரிந்தபிறகு முதலிலிருந்து பாருங்கள். கண்காணிப்பு இருக்கையில் உட்காருவதற்கு முன் நின்ற இடத்திலேயே ஒரு கணம் ஓடுவதுபோலக் கைகால்களை அசைப்பார். மனிதர்கள் இப்படித்தான் உடம்பைத் தளர்த்திக்கொள்வார்கள் என்று எங்கோ படித்துவிட்டு ஓர் இயந்திரம் செய்துபார்ப்பதுபோல இருக்கும். முதல்முறை அது கண்ணிலேயே படாது. இரண்டாம்முறை முதுகு சில்லிடும்.

1931இல் எஸெக்ஸ் பகுதியின் குட்மேஸில் பிறந்தார். தந்தை மனநல மருத்துவமனை ஒன்றின் கண்காணிப்பாளர். நோயாளிகளைப் பார்த்து வளர்ந்ததால்தான் அந்தக் கண்கள் வாய்த்தன என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆனால் மருத்துவர் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் நடிகர்கள் ஆகிவிடுவதில்லை. லண்டனின் ராடா நடிப்புக் கல்லூரியில் படித்து, 1954இல் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் நாடக அரங்குக்குப் போனார். 1959இல் சார்லஸ் லாட்டன் ஷேக்ஸ்பியரின் லியர் மன்னராக நடித்தபோது, அவருடைய விதூஷகன் இந்தச் சிறிய உருவம்தான். பிறகு ஐந்தாம் ஹென்றி, மூன்றாம் ரிச்சர்ட் என்று அரசர்களாகவே நடித்தார். ஆகவே நாயக வேடம் கிடைக்கவில்லை என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை. 1965இல் ஹரால்ட் பின்டரின் 'தி ஹோம்கமிங்' நாடகத்தில் லென்னியாக வந்தார். அதே நாடகம் நியூயார்க்குக்குப் போனபோது, 1967இல் அமெரிக்க நாடக விருதான டோனியை வாங்கினார்.

அதற்குப்பின் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நெருக்கமானது. 1976இல் யூஜின் ஓநீலின் 'தி ஐஸ்மேன் கம்மத்' நாடகம், முறையான தொடக்கத்துக்கு முந்தைய காட்சிகளில் ஒன்று. நடுமேடையில் வசனம் வரவில்லை. ஒப்பனை அறைக்குப் போனவர் அந்த நாடகத்துக்குத் திரும்பவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் நின்றவரை மேடைப் பயம் இப்படி அடித்துப்போட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மேடைப் பக்கம் அநேகமாகப் போகவில்லை. நாடகத்துக்கு அது பேரிழப்புதான். ஆனால் 'ஏலியன்' வந்தது 1979இல் என்பதை நினைத்துக்கொள்ளும்போது எனக்குக் கொஞ்சம் சுயநலமான மகிழ்ச்சி ஏற்படுகிறது.

1981இன் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தில் ஓட்டப் பயிற்சியாளர் சாம் முஸபீனியாக வருகிறார். காசுக்குப் பயிற்சி தருபவர் என்பதால் ஒலிம்பிக் அரங்கில் அவருக்கு இடமில்லை. விடுதி அறையில் காத்திருக்கிறார். பந்தயத்தை அவர் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பிரிட்டன் கொடி ஏறுவதைத்தான் பார்க்கிறார். கட்டிலில் உட்கார்ந்து தன் வைக்கோல் தொப்பியை முஷ்டியால் குத்திக் கிழிக்கிறார். அவ்வளவுதான். ஓடியவரைவிட ஓட்டத்தைப் பார்க்க முடியாதவர்தான் எனக்கு நினைவில் நிற்கிறார். அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருதை ஜான் கீல்குட் கொண்டுபோனார்.

நெப்போலியனாக மூன்று முறை நடித்திருக்கிறார், உயரம் உதவியிருக்கும். உங்கள் மகளிடம் சொல்ல ஒரு செய்தி: 1981இல் பிபிசி வானொலி 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையை நாடகமாக்கியபோது, கதாநாயகன் ஃப்ரோடோவின் குரல் இவருடையது. இருபது ஆண்டுகள் கழித்து, அதே மோதிரத்தை ஃப்ரோடோவிடம் விட்டுவிட்டுப் போக மனம் வராத கிழவராக வந்தார்.

1993இல் பின்டரின் 'மூன்லைட்' நாடகத்தில்தான் மேடைக்கு உண்மையில் திரும்பினார். சாகக் கிடக்கும் ஒரு மனிதனின் வேடம், பெரும்பாலும் படுக்கையில். 1997இல் லண்டன் நேஷனல் தியேட்டரின் மிகச் சிறிய அரங்கில் லியராக நடித்தார். விதூஷகனாக நின்றதற்கு 38 ஆண்டுகள் கழித்து. புயல் காட்சியில் உடைகளை முழுவதுமாகக் களைந்துவிட்டு, கைநீட்டினால் தொடும் தூரத்தில் பார்வையாளர்கள் இருக்க, அறுபத்தைந்து வயது உடம்போடு நின்றார். மேடைக்குப் பயந்து ஓடிய அதே மனிதர். 2020 ஜூனில், 88 வயதில் காலமானார்.

நாயக வேடம் பார்த்தே ஆக வேண்டுமென்றால் 'தி ஸ்வீட் ஹியராஃப்டர்' இருக்கிறது, 1997. பள்ளி பஸ் விபத்தில் பிள்ளைகளை இழந்த ஊருக்கு வழக்குப் பிடிக்க வரும் வக்கீல். விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் ஒரு பழைய கதை சொல்வார். சிறு குழந்தையாக இருந்தபோது அவர் மகளைச் சிலந்தி கடித்து, தொண்டை வீங்கிவிடுகிறது. ஆஸ்பத்திரி வெகுதூரம். மூச்சு நின்றால் கழுத்தைக் கீறித் திறக்க ஒரு கையில் கத்தியை வைத்துக்கொண்டு, குழந்தை அமைதியாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பாடிக்கொண்டே போயிருக்கிறார். சொல்லும்போது குரல் உயராது, கண் கலங்காது. அந்தக் கத்தி இன்னும் கையில் இருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரிந்துவிடும்.

கட்டாயம் பாருங்கள். மகளோடு சேர்ந்து வேண்டாம், அவள் தூங்கியபின் பாருங்கள்.