குளிரில் ஆமை தண்ணீர் குடிக்கவில்லையா? முதலில் சூடு, பிறகுதான் தண்ணீர்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் ஒரு சல்காட்டா ஆமை வளர்கிறது. 12 வயது, 38 கிலோ. குளிர் தொடங்கியதிலிருந்து மரக் கொட்டகையை விட்டு வெளியே வருவதே அபூர்வமாகிவிட்டது, தண்ணீர்த் தட்டு பக்கமே போவதில்லை. இரவில் 8 டிகிரி வரை இறங்குகிறது. இவ்வளவு கனத்தைத் தினமும் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவர எங்களால் முடியாது. விற்றவரைக் கேட்டால், "பாலைவன விலங்கு, தண்ணீர் தேவைப்படாது, குளிரில் தூங்கும், அப்படியே விட்டுவிடுங்கள்" என்கிறார். விடலாமா?

பதில்: விடக்கூடாது. அவர் சொன்னதில் எதையும் கேட்காதீர்கள்.

குளிர்காலத்தில் நீண்ட உறக்கத்துக்குப் போகும் நில ஆமைகள் இருக்கின்றன, சல்காட்டா அந்த வகை இல்லை. சகாராவின் தெற்கு விளிம்பில், சாகேல் பகுதியில் பிறந்து வளரும் இனம் இது. அங்கே கடும் குளிர்காலமே கிடையாது, அதனால் குளிரைத் தூங்கிக் கழிக்கும் திறனும் அதன் உடலுக்கு வாய்க்கவில்லை. உங்கள் ஆமை கொட்டகை மூலையில் அசையாமல் கிடக்கிறதே, அது தூக்கம் இல்லை. உடல் சில்லிட்டுப் போய் நகர முடியாமல் கிடக்கிறது. 'பாலைவன விலங்கு' என்பதும் பாதிதான் உண்மை. காட்டில் அது பகலின் பெரும்பகுதியை ஆழமான வளைக்குள் கழிக்கிறது, அந்த வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும், வெப்பநிலையும் அதிகம் மாறாது. உங்கள் மரக் கொட்டகையில் இரண்டுமே இல்லை.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். ஆமை தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் தட்டு இல்லை, தண்ணீரும் இல்லை, குளிர்தான். ஊர்வனவற்றின் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. வெளியே குளிர்ந்தால் உள்ளே குடல், சிறுநீரகம், தாகம், பசி எல்லாமே மந்தமாகிவிடும். அப்படி மந்தமாகிக் கிடக்கும் ஆமைக்கு முன்னால் எவ்வளவு நல்ல தண்ணீரை வைத்தாலும் குடிக்காது. ஆனால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் நீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டேதான் இருக்கும், குளிர்காலக் காற்று வறண்டிருந்தால் இன்னும் வேகமாக. ஆமை சிறுநீர்ப்பையில் தண்ணீரைச் சேமித்து வைத்து, தேவைப்படும்போது அங்கிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால்தான் வாரக்கணக்கில் எதுவும் தெரியாது, தெரியும்போது நிலைமை முற்றியிருக்கும். நீர் குறையக் குறைய சிறுநீரில் உள்ள யூரிக் அமிலக் கழிவு கெட்டியாகி, கடைசியில் கல்லாகிவிடும். பெரிய சல்காட்டாவின் சிறுநீர்ப்பைக் கல் சாதாரணமாகக் கரைவதில்லை, பல சமயம் அடி ஓட்டை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அறுவைக்குப் பிறகு ஓடு சேர மாதக்கணக்கில் ஆகும். இதையெல்லாம் ஒரு தொட்டித் தண்ணீரால் தடுத்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரியும்.

ஆக முதல் வேலை, கொட்டகை. இரவில் உள்ளே 25 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது, 27 இருந்தால் நிம்மதி. சுவர், கூரை, தரை மூன்றுக்கும் வெப்பம் கசியாத பலகை அடியுங்கள், வாசலுக்குக் கனமான பிளாஸ்டிக் பட்டைத் திரை தொங்கவிடுங்கள், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஒன்றை ஆமை இடிக்க முடியாதபடி தடுப்புக்குப் பின்னால் வைத்து, குறித்த சூடு வந்ததும் ஹீட்டரைத் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் போடாதீர்கள், கொட்டகை தீப்பிடிக்கும் அபாயம் கற்பனை இல்லை. உள்ளே காற்று ரொம்ப வறண்டால் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழாதபடி வைத்தாலே ஈரம் கூடும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கடைக்குப் போய் "பெரிய ஆமைக்குச் சூடு வேண்டும்" என்றால் சிவப்பு பல்பு ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார்கள். குஞ்சுக்கு அது சரியாக இருக்கலாம். 38 கிலோ ஆமையின் முதுகு பல்புக்கு மிக அருகில் வந்துவிடும், அந்த ஒரு வட்டத்தில் மட்டும் ஓடு வெந்துபோகும், பக்கவாட்டும் வயிறும் குளிர்ந்தே கிடக்கும். இரவெல்லாம் நகராமல் அதன் அடியிலேயே இருந்தால் ஓடு காய்ந்து வெடிக்கும். பெரிய உடலுக்குச் சுற்றியிருக்கும் காற்றே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதே போல, லேசர் புள்ளி காட்டும் வெப்பமானியை ஓட்டின் மேல் பிடித்து "30 காட்டுகிறது" என்று சந்தோஷப்படாதீர்கள். அது மேல்தோலின் சூடு. குளிர்கால வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற ஆமைக்கு மேலே சூடாகவும் உள்ளே சில்லென்றும் இருக்கும். அவ்வளவு பெரிய உடல் உள்வரை சூடேறப் பல மணி நேரம் பிடிக்கும்.

கொட்டகை ஓரிரு நாள் சீராக வெதுவெதுப்பாக இருந்த பிறகு தண்ணீர். தூக்கவே வேண்டாம், தண்ணீரை அதனிடம் கொண்டுபோங்கள். சிமெண்ட் கலக்கும் அகலமான, தாழ்வான தொட்டி ஒன்றைத் தரையோடு தரையாகப் புதைத்து, ஒரு பக்கம் வழுக்காத சரிவு அமைத்துவிட்டால் அதுவே நடந்து இறங்கும். தண்ணீர் 32 முதல் 35 டிகிரி. கையில் தொட்டுப் பார்த்து ஊகிக்காதீர்கள், வெப்பமானி வையுங்கள். ஆழம் மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் இடம்வரை போதும், தலையைத் தூக்காமலேயே மூச்சுவிட முடிய வேண்டும். இதற்கு நீந்தத் தெரியாது, தாழ்வான தண்ணீரில்கூடக் கவிழ்ந்துவிட்டால் மூழ்கிவிடும், அதனால் பக்கத்திலேயே நில்லுங்கள். 20, 30 நிமிடம் விடுங்கள். கழுத்தை நீட்டி முகத்தைத் தண்ணீரில் புதைத்து, தொண்டை மேலும் கீழும் அசைந்தால் குடிக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் உள்ளேயே மலம் கழிக்கும், உடனே தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் அதையே குடிக்கும். வாரம் இரண்டு முறை செய்தால் குளிர்காலத்துக்குப் போதும்.

தொட்டி புதைக்க இடமில்லையா? வெதுவெதுப்பான தண்ணீரைக் குழாயில் மெதுவாக முதுகில் விட்டாலும் பல ஆமைகள் மழை வந்ததாக எண்ணிக் குடிக்கத் தலையைத் தாழ்த்தும்.

இனி ஒரு விலக்கு, இதை மட்டும் ஊன்றிப் படியுங்கள். நனைத்த ஆமையை முழுக்க உலர்த்தி வெதுவெதுப்பான இடத்தில் விட முடியாது என்றால் அன்று நனைக்காதீர்கள். குளிர் மட்டும் இருந்தால் பெரிய ஆமை ஓரளவு தாங்கும், காய்ந்த குளிரில் சில நாள் பிழைத்துவிடும். குளிரும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்தால் நுரையீரலைத்தான் தாக்கும். அதனால் காலையிலேயே குளிப்பாட்டுங்கள், மாலையில் வேண்டவே வேண்டாம். மேகம் மூடி, மின்சாரம் போய், ஹீட்டர் நின்றுவிட்ட நாளா? தள்ளிப்போடுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால் குடிமுழுகிவிடாது, ஈரத்தோடு ஒரு குளிர் இரவு போதும் நிமோனியா வர. கால் மடிப்புகளில், கழுத்து இடுக்கில், வால் பக்கத்தில் துண்டால் ஒற்றி எடுங்கள், ஓட்டை மட்டும் துடைத்துவிட்டு முடிந்தது என்று போகாதீர்கள். மூக்கில் குமிழ் வருகிறதா, வாயைத் திறந்து மூச்சுவிடுகிறதா, மூச்சில் சத்தம் கேட்கிறதா, அப்போது குளியலே கிடையாது. சூட்டைக் கூட்டிவிட்டு நேராக மருத்துவரிடம்.

ஆமை குடிக்கவில்லையே என்ற பதற்றத்தில் வாயைப் பிளந்து சிரிஞ்சில் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலில் விற்கும் 'ஆமை நீர்ச்சத்துத் துளிகள்' எதுவும் தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும். தீனிப் புல்லை நனைத்துப் போடுங்கள், சப்பாத்திக்கள்ளி மடல் கொடுங்கள், அதில் பெரும்பங்கு தண்ணீர்தான். உடல் சூடேறாத நாளில் மட்டும் தீனியை நிறுத்தி வையுங்கள், செரிக்காமல் குடலிலேயே அழுகும்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. "குளிர்காலம் முடியும்வரை எங்கள் பண்ணையில் விடுங்கள், சூடான இடம்" என்று பணம் கேட்கும் இடைத்தரகர்கள். முகவரி சொல்ல மாட்டார்கள், நேரில் பார்க்க விட மாட்டார்கள். வளர்ந்த சல்காட்டாவுக்கு வாங்க ஆள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்த இனம் இருக்கிறது, காட்டில் பிடித்ததை வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய 2000 முதல் பூஜ்ய ஒதுக்கீடு, அதாவது ஒன்றைக்கூட அனுப்ப முடியாது. காகிதத்தில் இவ்வளவு கறாராக இருக்கும் அமைப்பு, உள்ளங்கை அளவுக் குஞ்சை விற்கிறவன் "இது நாற்பது கிலோவுக்கு மேல் வளரும், குளிரில் சூடு வேண்டும்" என்று ஒரே ஒரு வரி எழுதித் தர வேண்டும் என்று ஏன் கட்டாயப்படுத்துவதில்லை? முத்திரைகளைச் சரிபார்க்க ஆள் இருக்கிறது, அந்த ஒரு வரியைக் கேட்க ஆள் இல்லை.

உங்கள் ஆமை ஏற்கெனவே எவ்வளவு வறண்டிருக்கிறது என்று அதன் சிறுநீரோடு வரும் வெள்ளைக் கழிவைப் பார்த்தே சொல்லலாம். நீர்த்து, பாலாக வந்தால் சரி. பற்பசை போலக் கெட்டியாகவோ, விரலில் தேய்த்தால் மணல் நறநறப்பாகவோ இருந்தால் தண்ணீர் போதவில்லை. கண்கள் உள்ளே போயிருந்தால், கழிவே வராமல் முக்கிக்கொண்டிருந்தால், பின்கால்களை இழுத்து நடந்தால், குளியலை நம்பிக் காத்திருக்காதீர்கள், எக்ஸ்ரே எடுத்துக் கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள், ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை செய்து பழக்கம் உண்டா என்று. பல கால்நடை மருத்துவர்களுக்குப் படிக்கும்போதே ஆமை பற்றிக் கற்றுக்கொடுப்பது மிகக் குறைவு, அது அவர்கள் குற்றம் இல்லை, பாடத்திட்டத்தின் குற்றம். ஆனால் விளைவு உங்கள் ஆமையின் உடம்பில்தான் விழும். புழு நீக்க ஐவர்மெக்டின் போடலாம் என்றால் மறுத்துவிடுங்கள், நாய்க்கும் மாட்டுக்கும் போடும் அந்த மருந்து ஆமைக்கு நஞ்சு. சத்துக்கு என்று வைட்டமின் ஏ ஊசி போட வந்தாலும் காரணம் கேளுங்கள், புல் தின்னும் ஆமைக்கு அது அநேகமாகத் தேவைப்படாது, அளவு மிஞ்சினால் தோல் உரிந்து வரும். வண்டியில் கொண்டுபோகும்போது உள்ளே வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளுங்கள், கனமான ஆமையைக் கைகளில் தூக்காமல் பலகையில் ஏற்றி இழுங்கள், தலைகீழாகப் புரட்டவே கூடாது.