உள்நாட்டுப் போர் முடிந்த நாட்டில் எல்லாத் தரப்பும் இருக்கிற ஆட்சி அமைய வெளிநாடுகள் உண்மையிலேயே உதவ முடியுமா?

கேள்விக்குக் கீழே சிரியாவை உதாரணம் காட்டி, அங்கே எல்லாரையும் சேர்த்த ஆட்சி வர வேண்டும் என்ற ஐ.நா. தீர்மானம் 2254 ஏன் பலிக்கவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். குரூப் 1-க்கோ சிவில் சர்வீசுக்கோ படிக்கிறவர் என்று நினைக்கிறேன். பரீட்சையில் எழுதத் தோதான பதில்களை இங்கே மற்றவர்கள் எழுதுவார்கள். நான் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க்காரன். எனக்குத் தெரிந்தது ஒரு தையல் மிஷின் சமாசாரம். அதைச் சொல்லாமல் என்னால் இதற்குப் பதில் எழுத முடியாது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடியும். கையெழுத்து வாங்கித் தர முடியும், பணம் தர முடியும், கப்பல்கூட விட முடியும். அதற்கப்புறம் அங்கேயே இருந்து, சொன்னது நடக்கிறதா என்று வருஷக்கணக்கில் பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

வாப்பா எங்கள் ஊர் இலங்கை அகதிகள் முகாம் வாசலுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தார். முகாமில் இலங்கை மன்னார்த் தீவின் பேசாலையிலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தார். பெயர் இருக்கட்டும், எங்களுக்குப் பேசாலைக்கா. 1985-ல் வந்தவர். சிறுகச் சிறுகச் சேர்த்துப் பழைய உஷா கால் மிஷின் ஒன்று வாங்கி, ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த மிஷினின் பலகையில் வலது ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி வைத்துக் கருகிப்போன ஒரு முக்கோணத் தழும்பு உண்டு. வேகமாக மிதித்தால் சீட்டி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும்.

1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் அங்கே நடந்த போரை நிறுத்தக் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். வடக்கும் கிழக்கும் இணையும், மாகாண சபை வரும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்படும், எல்லாவற்றுக்கும் இந்தியா பொறுப்பு என்றார்கள். அக்டோபரிலேயே அமைதி காக்கப் போன இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டுவிட்டது. அப்படியிருந்தும் டிசம்பர் கடைசியில் அகதிகளைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். 1989 வரை 25 ஆயிரம் பேர் திரும்பினார்கள். பேசாலைக்கா 1988-ல் போனார். கப்பலில் மிஷினை ஏற்றுவது பெரும்பாடு, ஊரில் அவருடைய அம்மாவிடம் ஒரு சிங்கர் இருக்கிறது, அதனால் இதை விற்றுவிட்டுப் போகிறேன் என்றார். உம்மா 350 ரூபாய்க்கு வாங்கினார். நான் அப்போது ஆறாவது படிக்கிறேன். "இனிப் பிரச்சினை இல்லையாம் தம்பி, இந்தியாவே வந்து நிக்குது" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனது இன்னும் நினைவிருக்கிறது.

1990 மார்ச்சில் கடைசி இந்திய வீரரும் கப்பலேறினார். ஜூனில் மறுபடியும் போர். ஜூலையில் பேசாலைக்கா இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பையோடும் கடை வாசலில் நின்றார். புருசன் பின்னால் வருவதாகச் சொன்னாராம். வந்தது ஒன்றரை வருஷம் கழித்து.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். உம்மா மிஷினில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். பேசாலைக்கா பேசிக்கொண்டே அந்தத் தழும்பு மேல் விரலை வைத்துத் தேய்த்தார். போகும்போது, 350 ரூபாய் சேர்ந்ததும் தந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். உம்மா சரி என்றார்.

அந்த அக்டோபரில்தான் வடக்கிலிருந்த முஸ்லிம்களை எல்லாம் புலிகள் வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசம். மன்னாரில் சில நாள். மொத்தம் 75 ஆயிரம் பேர் என்கிறார்கள். பேசாலைக்குப் பக்கத்தில் எருக்கலம்பிட்டி, முஸ்லிம்கள் வாழ்ந்த ஊர். அங்கே வாப்பாவுக்குத் தொழிலில் பழகியவர்கள் உண்டு. அவர்கள் படகேறிக் கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. அடுத்த வாரம் பேசாலைக்கா முதல் தவணையாக 50 ரூபாய் கொண்டுவந்தபோது, விலை 500 என்றார் உம்மா.

மிஷினுக்கு ரிப்பேர் செலவு பார்த்ததாக ஒரு காரணம் சொன்னார். ரிப்பேர் எதுவும் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். பேசாலைக்கா ஒரு நிமிஷம் உம்மாவைப் பார்த்துவிட்டு, "சரி அக்கா" என்று அந்த 50-ஐ வைத்துவிட்டுப் போனார். புலிகள் செய்ததற்கு அந்த அக்கா என்ன செய்வார்? அவரே அதே போரில் வீட்டை விட்டு ஓடிவந்தவர். உம்மாவும் மோசமானவர் இல்லை. முகாமில் யாருக்குப் பிரசவம் என்றாலும் முதலில் ஓடுவது அவர்தான். கருத்துப் பகுதியில் வந்து என் உம்மாவைப் பேசுகிறவர்கள் தயவுசெய்து அதையும் சேர்த்துப் படியுங்கள். நான் இங்கே எந்த இயக்கத்துக்கும் வக்காலத்து வாங்கவும் இல்லை, இந்தியாவைக் குறைசொல்லவும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அந்த மண்ணில் செத்திருக்கிறார்கள்.

எல்லாத் தரப்பும் என்று கேட்டீர்களே, எனக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே இந்த 500 ரூபாய்தான் ஞாபகம் வரும். 1987 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை இரண்டு அரசாங்கங்கள். புலிகள் அதில் இல்லை. 2002 பிப்ரவரியில் நார்வே முன்னின்று கொண்டுவந்த போர்நிறுத்தத்தில் அப்போதைய இலங்கைப் பிரதமர் ரணிலும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் கையெழுத்திட்டார்கள். இரண்டிலும் முஸ்லிம்கள் ஒரு தரப்பாக இல்லை. தனித் தூதுக்குழு வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார்கள். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூஃப் ஹக்கீம் பேச்சுவார்த்தைக்குப் போனார், ஆனால் இலங்கை அரசின் குழுவில் ஒரு அமைச்சராகத்தான் போனார். துப்பாக்கி வைத்திருப்பவனுக்குத்தான் நாற்காலி போடுவது என்று ஆகிவிட்டால், துப்பாக்கி இல்லாதவன் பாடு என்ன?

2003 ஜூனில் டோக்கியோவில் மாநாடு கூட்டி 450 கோடி டாலர் தருவதாக உலக நாடுகள் சொன்னன. பேச்சுவார்த்தை முன்னேறினால்தான் பணம் என்று நிபந்தனையும் வைத்தார்கள். அதற்கு முந்தின கூட்டம் வாஷிங்டனில். அமெரிக்கா புலிகளைத் தடை செய்திருந்ததால் அவர்களை அங்கே அழைக்க முடியவில்லை. அவர்கள் கோபித்துக்கொண்டு டோக்கியோவுக்கும் போகவில்லை. பந்தியில் உட்கார வேண்டியவனை வாசலில் நிறுத்திவிட்டு இலை போட்ட கதை.

அந்தச் சமயத்தில் முகாமில் நிறையப் பேர் ஊருக்குப் போகக் கிளம்பினார்கள். நான் பேசாலைக்காவிடம் கேட்டேன், நீங்கள் போகவில்லையா என்று. "ஒருக்கா மிஷின் வித்தது காணும் தம்பி" என்றார், போதும் என்ற அர்த்தத்தில். 2006 ஜூனில் பேசாலையில் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்த ஜனங்கள் மீதே தாக்குதல் நடந்தது. அப்புறம் தனுஷ்கோடிப் பக்கம் அரிச்சல்முனை மணல் திட்டுகளில் மறுபடியும் அகதிப் படகுகள்.

இடையில் ஒன்று, சம்பந்தமில்லைதான், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. எங்கள் தபால் நிலையத்தின் பெயரே மண்டபம் கேம்ப். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை நிறுத்திவைத்துச் சோதித்த இடம், அதனால் வந்த பெயர். நான் வீட்டுக் கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனால், மேசையில் இருந்த பையன் முகவரியைப் பார்த்துவிட்டு, "சார், அகதிகளுக்கு லோன் கிடையாது" என்றான். என் பாட்டனார் பிறந்ததே மண்டபத்தில். ஆதார், ரேஷன் கார்டு, பத்திர நகல் எல்லாம் கொடுத்தும் மேலே கேட்க வேண்டும் என்று பதினோரு நாள் இழுத்தடித்தார்கள். எனக்கே இப்படி என்றால், முகாமிலேயே பிறந்து, இங்கேயே டிகிரி முடித்து, எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லாமல் நிற்கிற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர் பெயர் இல்லை. முகாமுக்கு 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

சரி, சிரியா. 2254 வந்தது 2015 டிசம்பர் 18-ல். பாதுகாப்பு கவுன்சிலில் பதினைந்து நாடுகளும் கை தூக்கின. ஆறு மாதத்தில் எல்லாரையும் சேர்த்த நிர்வாகம், பதினெட்டு மாதத்தில் தேர்தல் என்று கணக்குப் போட்டார்கள். ஒன்பது வருஷம் எதுவும் அசையவில்லை. 2024 நவம்பர் கடைசியில் கிளர்ச்சிப் படைகள் புறப்பட்டு, டிசம்பர் 8-ல் சிரிய அதிபர் அசாத் ஓடிப்போனார். ஆக மாற்றம் வந்தது தீர்மானத்தால் இல்லை. 2025 பிப்ரவரியில் புதிய ஆட்சியாளர்கள் டமாஸ்கஸில் தேசிய கலந்துரையாடல் என்று கூட்டினார்கள். வடகிழக்கை அப்போது ஆண்டுகொண்டிருந்த குர்துப் படைத் தரப்புக்கு அழைப்பு இல்லை. மார்ச்சில் கடலோரத்தில் அலவி என்ற சிறுபான்மை மதப் பிரிவு மக்களைக் கொன்று குவித்தார்கள். மே மாதமே சிரியா மீதிருந்த பொருளாதாரத் தடைகளை நீக்குவதாக டிரம்ப் அறிவித்தார். தடையை எடுத்தது தப்பு என்று சொல்லமாட்டேன், பசித்த வயிற்றோடு யார் அரசியல் சட்டம் எழுதுவார்கள்? ஆனால் தவணை தவணையாக, ஒவ்வொன்றும் நடக்க நடக்கத் தளர்த்தியிருக்கலாம். இலங்கையைப் பாருங்கள். மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம் 1987-லிருந்து புத்தகத்தில் இருக்கிறது, காணி அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் மாகாணங்களுக்கு இன்னும் போகவில்லை. 2013-ல் தேர்ந்தெடுத்த வடக்கு மாகாண சபை 2018-ல் முடிந்தது, பிறகு தேர்தலே இல்லை. நம் அரசாங்கமும் பல சந்திப்புகளில் முழுமையாக நிறைவேற்றுங்கள் என்று சொல்லிப் பார்த்திருக்கிறது.

இன்னொன்று, அகதிகள் இத்தனை பேர் திரும்பினார்கள் என்ற எண்ணிக்கையை வெற்றியாகக் காட்டினால் நம்பாதீர்கள். 1988-லும் அப்படித்தான் எண்ணினார்கள். துருக்கியிலிருந்தும் லெபனானிலிருந்தும் சிரியாக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு திரும்புவதை டிவியில் காட்டும்போதெல்லாம், எதை விற்றுவிட்டுப் போகிறார்களோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

திருத்தம்: கடைசியில் மிஷின் யாரிடம் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 1991 மே மாதம் ராஜீவ் கொலைக்கு அப்புறம் முகாமில் கெடுபிடி அதிகமாகி, பேசாலைக்காவால் நினைத்தபோது வெளியே வர முடியவில்லை. அதுவரை 140 ரூபாய் கொடுத்திருந்தார். ஒரு நாள் உம்மா மிஷினின் தலைப் பகுதியைத் தனியாகக் கழற்றிச் சாக்கில் சுற்றி, ஸ்டாண்டோடு தள்ளுவண்டியில் ஏற்றி என்னிடம் கொடுத்து, முகாம் வாசலில் சொல்லி உள்ளே அனுப்பச் சொன்னார். மிச்சம் 360 ரூபாயைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. தள்ளுவண்டி வாடகை 5 ரூபாயை மட்டும் அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.