வாசனையை வைத்துப் பழம் பழுத்ததை அறியலாமா?

கேள்வி: ஆல்கஹால் ஆவியை உணரும் எம்.க்யூ-3 சென்சாரை அர்டுயினோ என்ற சிறு மின்னணு போர்டில் இணைத்து வாழைப்பழத்தைச் சோதிக்கிறேன். நேற்று 300 காட்டிய அதே காய் இன்று 220 காட்டுகிறது. சென்சார் பழுதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. இந்த சென்சாருக்குள் சூடான டின் ஆக்சைடு படலம் இருக்கிறது. பழத்தின் எஸ்டர் (பழ வாசனை தரும் பொருள்), ஆல்கஹால் ஆவிகள் பட்டால் அதன் மின்தடை இறங்கும், ரீடிங் ஏறும். சிக்கல் என்னவென்றால், காற்றின் ஈரப்பதமும் இதையே செய்யும். அதனால் வெறும் எண்ணை நம்பாதீர்கள்.

புது சென்சாரை 24 மணி நேரமாவது 5 வோல்ட்டில் ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் முன் அரை மணி நேரம் சூடாகட்டும். லோடு ரெசிஸ்டரின் (சென்சாரோடு தொடராக இணைந்த மின்தடையின்) மதிப்பை (5 ÷ வெளிவரும் வோல்டேஜ் − 1) என்பதால் பெருக்கினால் சென்சாரின் மின்தடை கிடைக்கும். போர்டில் அந்த ரெசிஸ்டரை உற்றுப் பாருங்கள்: 102 என்றிருந்தால் 1,000 ஓம், 103 என்றால் 10,000 ஓம். இதைக் கவனிக்காமல் கணக்கிட்டால் மின்தடை பத்து மடங்கு பிசகும். சுத்தமான காற்றில் ஒரு முறை, பழத்தின் காற்றில் ஒரு முறை அளந்து, இரண்டின் விகிதத்தைக் குறித்துவையுங்கள்.

பழத்தை 1 லிட்டர் கண்ணாடி ஜாடியில் 20 நிமிடம் மூடிவையுங்கள். எடையும் அறை வெப்பமும் எல்லா முறையும் ஒன்றாக இருக்கட்டும். சென்சாரை ஜாடிக்குள் வைக்காதீர்கள், அதன் சூடே காற்றை மாற்றிவிடும். சின்ன ஏர் பம்பால் ஜாடிக் காற்றை இழுத்து சென்சார்மேல் விடுங்கள். ஈரத்தைப் போக்க சிலிகா ஜெல் வைக்கத் தோன்றும். அது ஆல்கஹால் ஆவியையும் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு ஈரப்பத சென்சார் வைத்து அளவைக் குறிப்பதே மேல். மூட்டுகளில் சிலிகோன் பசை வேண்டவே வேண்டாம். அதன் ஆவி படலத்தில் படிந்தால் சென்சாரை மீட்க முடியாது.

கேள்வி: பழத்தைப் பழுக்கவைக்கும் வாயுவான எத்திலீனையும் இதிலேயே அளக்கலாமா? எல்லாப் பழத்துக்கும் பொருந்துமா?

பதில்: எம்.க்யூ-3 எத்திலீனைத் தனியாகப் பிரித்துக் காட்டாது. அதற்கு மின்வேதி சென்சார் வேண்டும். வாழை, மா, பப்பாளி, ஆப்பிள் ஆகியவை பறித்த பின்னும் பழுக்கும், அப்போது எத்திலீன் கூடும். திராட்சை, ஆரஞ்சு, ஸ்ட்ராபெரியில் அந்த ஏற்றம் கிடையாது, அங்கே எத்திலீனை நம்பிப் பயனில்லை. எம்.க்யூ-3 நன்றாகப் பிடிப்பது பழம் அளவுக்கு மீறிப் பழுத்து ஆல்கஹால் கூடும் கட்டத்தைத்தான்.

கேள்வி: மூன்று சென்சார் இணைத்தால் போர்டு ரீசெட் ஆகிறது.

பதில்: ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் இருக்கும் ஹீட்டர் சுமார் 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். தனியாக 5 வோல்ட், 1 ஆம்பியர் சப்ளை கொடுத்து, அந்த சப்ளையின் கிரவுண்டை (மைனஸ் முனையை) மட்டும் போர்டின் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள்.